பழைய உழவு இயந்திரத்தின் பிறேக்கைச் சீர்செய்தல்

சேற்றுழவின்போது கமக்காரர் பிறேக்கை அதிகம் எண்ணுவதில்லை. வயலில் அவருக்கு அது வரம்போரத்தில் ஒரு சில்லைப் பிடித்து இயந்திரத்தைத் திருப்புவதற்கே உதவுகிறது. அறுவடை முடிந்து, நெல் மூடைகளை ஏற்றிய பெட்டியுடன் தெருவில் இறங்கும்போதே குறை வெளிப்படும். இரு சில்லுகளும் ஒப்பப் பிடியாவிடின் இயந்திரம் ஒரு பக்கம் இழுபட, பின்னாலுள்ள பாரம் அதைத் தள்ளிப் புரட்டிவிடும். எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பி உழுபவரின் இயந்திரத்தில் அப்பக்கத்து லைனிங் விரைவில் தேய்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

மாசி பேர்கசன் 35, 1964 இல் வெளிவந்த 135 போன்றவற்றில் பின்சில்லுகளுக்கு மட்டுமே டிரம் பிறேக்கு உண்டு. கைப்பிறேக்கும் அதே சப்பாத்துக்களையே இயக்குகிறது. சீர்செய்யும்போது கைப்பிறேக்கைத் தளர்த்திக் கியரையும் நடுநிலையில் விடவேண்டியிருப்பதால், இயந்திரத்தைத் தடுத்து நிறுத்த வேறொன்றும் இராது. ஆதலின் மட்டமான கடினத் தரையில் நிறுத்தி, முன்சில்லுகளுக்கு இருபுறமும் மரக்கட்டைகளை இறுக்கி அடைதல் வேண்டும். ஜக்கினால் பின்சில்லை உயர்த்தியபின் அச்சின் கீழ் உறுதியான கட்டையை வைக்கவேண்டும். ஜக்கை மட்டும் நம்பலாகாது.

சில்லைக் கையால் சுற்றமுடியாதவரை சீராக்கியை இறுக்கி, பின் அது தடையின்றிச் சுழலும்வரை பல் பல்லாகத் தளர்த்துக. மற்றச் சில்லுக்கும் அவ்வாறே செய்து, இரு மிதிகளும் ஒரே அளவு இறங்குகின்றனவா எனப் பார்க்கவேண்டும்.

இவ்வளவு செய்தும் பிடிக்காவிடின் டிரம்மைக் கழற்றுவதே வழி. உள்ளே சேறு மட்டுமாயின் துடைத்துவிடலாம். ஒயில் கசிந்திருப்பின் சீல் பழுதடைந்துள்ளது. சிலர் லைனிங்கைப் பெற்றோலால் கழுவி மீண்டும் பூட்டுவர். அது வீண் வேலை. உள்ளே ஊறிய ஒயில் சூடேறியதும் வெளிவரும். சீலை மாற்றியபின் புதிய லைனிங்கை இருபக்கமும் ஒருங்கே இடுதல் வேண்டும். தறையாணியின் தலை டிரம்மைத் தொடுமளவுக்குத் தேய்ந்த லைனிங்கும் உதவாது.

பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசு சுவாசப்பைக்குக் கேடு விளைவிப்பது; வாயாலோ காற்றடித்தோ ஊதாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும்.

பின்னர் இரு மிதிகளையும் கொளுவியால் இணைத்து, பெட்டியின்றி, வெறுந்தெருவில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பார்க்க வேண்டும். இயந்திரம் இடப்புறம் இழுபட்டால் இடச்சில்லு முந்திப் பிடிக்கிறது. அதை ஒரு பல் தளர்த்துக. சிறிது தூரம் ஓடியபின் ஒரு டிரம் மட்டும் சூடாயிருப்பின் அப்பக்கம் இன்னமும் இறுக்கமாயுள்ளது.