ஒரு தீவின் இரு பண்டங்கள்

அடுப்படிச் செய்தியை மாணவர் இதழில் எழுதுவதா எனச் சிலர் நகைக்கக் கூடும். ஒரு மக்களின் வரலாற்றை அறிய அரசர் கல்வெட்டு எவ்வளவு துணை செய்கிறதோ, அவ்வளவு துணை அவர்தம் அடிசிலும் செய்யும் என்பது என் துணிபு. சான்றாகச் சைப்பிரஸ் தீவின் பண்டங்கள் இரண்டினை எடுத்துக்கொள்கிறேன்.

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கோடியில் உள்ளது சைப்பிரஸ். கிரேக்க மொழி பேசும் கிறித்தவரும் துருக்கி மொழி பேசும் முஸ்லிம்களும் அங்கே நூற்றாண்டுகளாக அண்டை வீட்டாராய் வாழ்ந்தனர். 1960-இல் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்ற அத்தீவு, 1974-இல் பிளவுண்டது. கிரேக்க இராணுவ ஆட்சியின் தூண்டுதலால் எழுந்த ஆட்சிக் கவிழ்ப்பும், அதனைத் தொடர்ந்த துருக்கியின் படையெடுப்பும் அதற்குக் காரணம். கிரேக்கர் தெற்கிலும் துருக்கியர் வடக்கிலும் ஒதுங்கினர். 2003 ஏப்ரல் வரை ஒரு பக்கத்தார் மறுபக்கம் செல்வது மிக அரிதாயிருந்தது.

முதற் பண்டம் பாற்கட்டி. கிரேக்கர் இதனை ஹலூமி என்பர். துருக்கியர் ஹெல்லிம் என்பர். செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றின் பாலை உறைபொருள் இட்டுத் திரட்டி, கட்டியை அழுத்திப் பிழிவர். வடிந்த நீரிலேயே அதனை 90 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் அரைமணி நேரம் வேகவைப்பர். பின்பு உப்பும் புதினாவும் தூவி, மடித்து, உப்புநீரில் இட்டு வைப்பர். காய்ந்த தோசைக்கல்லில் இட்டாலும் இது சிவக்குமேயன்றி உருகி ஓடாது. காரணம் யாது? பாலைப் புளிக்க விடாமல் திரட்டுவதால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து புரதத்தோடு பிணைந்தே நிற்கிறது. அப்பிணைப்பே கட்டியை நெகிழாமல் காக்கிறது. நம் விடுதியில் உண்ணும் பன்னீரும் உருகுவதில்லை. ஆனால் அது புளிப்பிட்டுப் பாலைத் திரித்துச் செய்வது.

இரண்டாவது, பிளவூனா என்னும் அப்பம். இதனை அறிய நோன்பை அறிதல் வேண்டும். ஈஸ்டர் திருநாளுக்கு முன் ஏறத்தாழ ஏழு வாரங்கள் கிரேக்கத் திருச்சபையினர் இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை விலக்குவர். காராமணியைக் கீரையோடு வேகவைத்து, ஒலிவ எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டு உண்பர். நம் சேப்பங்கிழங்கும் அத்தீவில் பழகிய உணவே. மனிதர் நோற்பினும் கோழியும் ஆடும் நோன்பு நோற்பதில்லையே! முட்டை சேர்ந்துகொண்டே போகும், பால் பாற்கட்டியாகும். சேர்ந்தவை யாவும் திருநாள் நெருங்குங்கால் இந்த அப்பத்தில் புகுகின்றன. துருவிய பாற்கட்டியோடு முட்டை, ரவை, புதினா, உலர்திராட்சை கலந்து, நொதித்த மாவுத் தகட்டில் வைத்து, ஓரங்களை மடித்து, எள் ஒட்டி, மண்ணடுப்பில் சுடுவர். கியோஸ் தீவின் மாஸ்டிக் பிசின் மணம் ஊட்டும்.

இனி வியப்புக்குரிய செய்தி. துருக்கிய முஸ்லிம்களுக்கு இந்நோன்பும் இல்லை, ஈஸ்டரும் இல்லை. ஆயினும் அவர்கள் வீட்டிலும் இவ்வப்பம் உண்டு, பெயர் பிலவுனா. ஒரே சொல்லின் இரண்டு ஒலிப்புகள்! நோன்பினால் பிறந்த பலகாரம், அதனை நோற்காத வீட்டிலும் சொந்தப் பலகாரமாயிற்று. எந்தத் தாய் எந்தத் தாய்க்குச் செய்முறை சொன்னாள் என்று அரசு ஏடுகள் குறித்து வைப்பதில்லை.

ஆயினும் ஓர் ஏடு ஒன்றைக் குறித்துள்ளது. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் ஹலூமி, ஹெல்லிம் என்னும் இரு பெயர்களையும் ஒருங்கே பதிவு செய்து, அத்தீவில் முறைப்படி செய்யப்படும் பாற்கட்டிக்கே அவை உரியவை என விதித்தது. நம் புவிசார் குறியீட்டை ஒத்த காப்பு இது. அரசியலார் பல்லாண்டு பேசியும் ஒன்றுபடாத தீவில், இரு மொழிப் பெயர்களையும் ஒரே பதிவில் அருகருகே நிறுத்தியது பாற்கட்டி.

நண்பர்களே, நம் வளாகத்திலும் பல மொழியினர் ஒரே கூடத்தில் உண்கிறோம். அயல்மொழி நண்பர் ஒருவர் தம் வீட்டுப் பலகாரத்தை நீட்டும்போது, உண்பதோடு நில்லாமல், அதன் பெயர் யாது, எந்நாளுக்கு உரியது என்றும் கேட்டறிவோம். நம் வீட்டில் அதற்கு இன்னொரு பெயர் இருக்கவும் கூடும்.