தலையணை எத்தனை என்று கேள்

நிபோங் திபால்

அன்புக் கதிர் கண்ணு,

அத்தை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது பக்கத்தில்தான் இருந்தேன். "ஊசி போட்டாச்சாம்மா? சாப்பிட்டாச்சா?" என்றாய். அண்ணியும் "எல்லாம் நல்லாயிருக்கு" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டாய். பந்து விளையாட்டு என்றால் விடிய விடிய உட்காரும் பிள்ளை, அம்மாவிடம் இன்னும் நாலு வார்த்தை கேட்கக் கூடாதா?

அம்மாவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறுகிறதே ஹெர்செப்டின், அது 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எதிர்ப்பொருள் மருந்து. புற்றுநோய் செல்லின் மேல் அளவுக்கு மீறி இருக்கும் ஹெர்2 புரதத்தைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். எத்தனையோ பெண்களைப் பிழைக்க வைத்த மருந்து. வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் யார் அனுப்பினாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. ஆனால் அதே ஹெர்2 இதயத் தசையிலும் கொஞ்சம் உண்டு. அங்கே அது செல்லைத் தேற்றி வைக்கிற நல்ல வேலை செய்கிறது; மருந்து அதையும் பிடித்துக்கொண்டால் இதயம் தளரலாம்.

2019-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், மூலச் செல்லிலிருந்து வளர்த்த மனித இதயச் செல்களில் இந்த மருந்தை விட்டுப் பார்த்தார்கள். செல்கள் சாகவில்லை, சுருங்கும் வலுதான் குறைந்தது. உள்ளே சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தளர்ந்துவிட்டது. கரண்ட் குறைந்தால் காற்றாடி மெதுவாகச் சுற்றுமே, அப்படி. படித்ததும் எனக்குப் பாதி பயம் போயிற்று. மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி, இதயத்துக்கு மாத்திரை கொடுத்தால் பெரும்பாலோருக்குப் பலம் திரும்பிவிடுகிறது. நேரத்தோடு கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் விஷயம். இனிப்பு நீருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் அந்தச் செல்களைத் தேற்றியதாம். அதற்காக ஃபார்மசிக்கு ஓடாதே. அது ஆய்வுக்கூடத்துச் செல்லில் பார்த்தது.

இதயம் தளர்கிறதா என்று தெரிய, இனிமேல் போனில் இப்படிக் கேள். ராத்திரி எத்தனை தலையணை? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? சாயங்காலம் சிலிப்பர் இறுக்குகிறதா? காலையில் எடை பார்த்தாயா? இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். அண்ணி தானாகச் சொல்லமாட்டார். வீட்டு வேலையில் மூச்சு வாங்கினால் "வயசாச்சு" என்று சிரித்துவிடுவார். நேற்று படுக்கையை உதறும்போது பார்த்தேன், ஒரே தலையணைதான். கணுக்காலையும் விரலால் அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை.

மூன்று மாதத்துக்கொரு இதய எக்கோ ஸ்கேன் தீபாவளிக்கு முந்தின வாரம் வருகிறது. லீவு சொல்லிவிட்டு முதல் நாளே பஸ் ஏறு. இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு ரிப்போர்ட்டில் சதவீதமாக இருக்கும். போன தடவை எண்ணையும் இந்தத் தடவை எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் நீயே கேள். அண்ணி "வீண் செலவு, வராதே" என்பார். நீ வா.

அன்புடன்,
அத்தை