சொல் பிரிக்கும் செவி

நுழையும்முன்

எழுதும்போது சொற்களுக்கு இடையே இடம் விடுகிறோம், பேசும்போது விடுவதில்லை. இடைவெளியின்றித் தொடரும் பேச்சிலிருந்து, ஒரு சொல்லும் அறியாத குழந்தை சொற்களை எவ்வாறு கண்டெடுக்கிறது? மொழியியலும் உளவியலும் இணைந்து தேடிய இவ்வினாவுக்கான விடையை இப்பாடம் விளக்குகிறது.

கல்வெட்டும் பேச்சும்

வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் அமைந்த ஊர் விரிஞ்சிபுரம். அங்குள்ள மார்க்கபந்தீசுவரர் கோயிலில், விசயநகர அரசர் தேவராயர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அது 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெண்ணுக்குப் பொருள் பெறாமல் மணம் செய்துகொடுக்க வேண்டும் எனப் படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள் செய்துகொண்ட உடன்பாட்டை அது கூறுகிறது. அவ்வந்தணர்களைக் கன்னடர், தமிழர், தெலுங்கர் என அது வகைப்படுத்தியும் சுட்டுகிறது. பல மொழியினர் கூடி வாழ்ந்த பகுதி இது என்பதற்கு அக்கல்வெட்டு சான்றாகும்.

பழைய கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் சொற்களுக்கு இடையே இடம் விடும் வழக்கம் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதும் அரிது. எனினும், அவற்றைப் படிக்கும் அறிஞர்கள் தாம் முன்பே அறிந்த சொற்களின் துணையால் பிரித்துப் பொருள் கொள்கின்றனர். குழந்தையின் நிலை இதனினும் அரிது. அதன் செவியில் விழுவதும் இடைவெளியற்ற தொடரே. ஆனால், துணைக்குக் கொள்ள ஒரு சொல்லும் அதற்குத் தெரியாது.

அடுத்து வருவது எது?

தாய் தன் குழந்தையிடம், ‘நிலாபாரு’, ‘நிலாதூங்குது’, ‘நிலாவருது’, ‘அதோநிலா’ என வெவ்வேறு பொழுதுகளில் பேசுவதாகக் கொள்வோம். இவற்றுள் ‘நி’ என்னும் ஒலியை அடுத்து ஒவ்வொரு முறையும் ‘லா’ வருகிறது. ‘லா’வை அடுத்தோ ஒருமுறை ‘பா’, ஒருமுறை ‘தூ’, ஒருமுறை ‘வ’ என மாறி மாறி வருகின்றன. எவை பிரியாமல் சேர்ந்து வருகின்றனவோ அவை ஒரே சொல்லின் உறுப்புகள். தொடர்ச்சி எங்கு மாறுகிறதோ அங்குச் சொல்லின் எல்லை இருக்கக்கூடும். கணக்குப் பாடத்தில் நாம் கற்கும் நிகழ்தகவே இதன் அடிப்படை. இவ்வாறு கற்பதைப் புள்ளியியல்வழிக் கற்றல் என்பர்.

இரண்டு நிமிட ஆய்வு

குழந்தையால் இவ்வாறு கணிக்க இயலுமா என்பதை அமெரிக்காவின் ரோசெசுடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்டு ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகியோர் ஆராய்ந்தனர். அவர்களுடைய கட்டுரை 1996ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது.

‘பிடாகு’, ‘படோடி’, ‘கோலாபு’ போன்ற பொருளற்ற, மூன்று அசைகள் கொண்ட நான்கு சொற்களை அவர்கள் உருவாக்கினர். அவற்றை முன்பின்னாக மாற்றியடுக்கி, ஏற்ற இறக்கமோ இடைநிறுத்தமோ இல்லாத இயந்திரக் குரலில் இரண்டு நிமிடங்கள் ஒலிக்கச் செய்தனர். கேட்டவர்கள் எட்டு மாதக் குழந்தைகள். ஒரு சொல்லுக்குள் ‘பி’யை அடுத்து ‘டா’ வருவது உறுதி. அதன் நிகழ்தகவு 1. ஒரு சொல் முடிந்தபின் மற்ற மூன்று சொற்களுள் எதுவும் தொடங்கலாம். அங்கு நிகழ்தகவு மூன்றில் ஒரு பங்கே.

பின்னர், அச்சொற்களையும், ஒரு சொல்லின் இறுதியையும் அடுத்த சொல்லின் தொடக்கத்தையும் ஒட்டி அமைத்த போலிச்சொற்களையும் தனித்தனியே ஒலிக்கச் செய்தனர். குழந்தைகள் போலிச்சொற்களையே நெடுநேரம் செவிமடுத்தனர். பழகியதைவிடப் புதியதைக் குழந்தைகள் கூர்ந்து கேட்பதுண்டு. ஆகவே, சொல் எது, சொல் அல்லாதது எது என அவர்கள் உணர்ந்திருந்தனர் என்பது புலனாயிற்று.

இதனால் மொழி முழுவதும் கணக்கினாலேயே அமைகிறது என்று கொள்ளல் ஆகாது. மொழியைக் கற்கும் ஆற்றல் மனிதருக்குப் பிறவியிலேயே அமைந்தது என்பது மொழியியலறிஞர் நோம் சாம்ஸ்கியின் கருத்து. இயல்பாற்றல் எவ்வளவு, கேட்டுப் பெறுவது எவ்வளவு என்னும் விவாதம் இன்றும் தொடர்கிறது. பேச்சின் இசை, அழுத்தம், பேசுவோர் முகம், சூழல் ஆகியனவும் குழந்தைக்குத் துணைசெய்கின்றன.

கேட்டது நிலைக்கும், கேளாதது மங்கும்

‘பத்து’, ‘பட்டு’ என்னும் சொற்களின் வேறுபாடு தமிழர்க்கு எளிது. ஆங்கிலம் பேசுவோர் பலர்க்கு இவ்வேறுபாடு செவிப்படுவது கடினம். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், இந்தி மொழியின் இத்தகைய பல்லொலியையும் நாவளை ஒலியையும், ஆங்கிலச் சூழலில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபடுத்தி உணர்ந்தனர். பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் அத்திறன் பெரிதும் குறைந்தது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் அது நிலைத்தது. முதலாண்டிலேயே செவி தன் மொழிக்கெனப் பண்படுகிறது என்பதை இது காட்டுகிறது.

தோல் தொழில் ஊர்களின் குழந்தைகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய தோல் தொழில் ஊர்களில் தமிழோடு உருதும் தெலுங்கும் வழங்குகின்றன. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி எனக் கேட்டால் குழந்தை குழம்பும் என அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் வேண்டியதில்லை. கருவுற்ற காலத்தில் ஆங்கிலமும் தகலோகும் பேசிய தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகள், பிறந்த சில நாள்களிலேயே அவ்விரு மொழிகளையும் வேறுபடுத்தி உணர்ந்ததை 2010இல் வெளியான ஆய்வு எடுத்துரைத்தது. ஒவ்வொரு மொழியின் தாளமும் வேறு. தாளத்தைக் கொண்டு செவி அவற்றைப் பகுத்துக்கொள்கிறது.

ஆனால், பேசுவோர் இன்றிப் பேச்சு மட்டும் ஒலித்தால் போதுமா? பட்ரீசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீனமொழி பேசுவோர் பன்னிரண்டு முறை நேரில் விளையாடிப் பேசினர். அக்குழந்தைகள் சீனமொழிக்குரிய ஒலி வேறுபாட்டை உணரக் கற்றனர். அதே பேச்சைத் திரையில் கண்டும் ஒலிப்பதிவில் கேட்டும் பழகிய குழந்தைகள் அதனைக் கற்கவில்லை.

காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் தாய்மார் பகற்பொழுதில் குழந்தையைப் பாட்டியிடமோ காப்பகத்திலோ விட்டுச் செல்கின்றனர். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி அளிக்கவும், தாய் நாள்தோறும் நான்கு முறை குழந்தையைக் காணவும் 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் வழிவகுத்தது. அச்சந்திப்புகள் பாலூட்டுவதற்கு மட்டுமன்று, மொழியூட்டுவதற்கும் உரியவை. காப்பகத்தில் தொட்டிலும் பாலும் இருந்தால் மட்டும் போதாது. முகம் பார்த்துப் பேசுவோரும் வேண்டும். அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து அமைதிப்படுத்தும்போது, அழுகை ஓயலாம். ஆனால், உரையாடலும் உடன் ஓய்ந்துவிடுகிறது.

பாட்டி சொல்லும் கதையும், குளிப்பாட்டும்போது பேசும் பேச்சும், பெயர் சொல்லி அழைக்கும் அழைப்பும் குழந்தைக்குப் பாடங்களே. அவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. பேசுவோர்க்கு எழுத்தறிவும் கட்டாயமில்லை. பேசத் தொடங்காத குழந்தை கேட்கத் தொடங்கிவிட்டது என்பதை உணர்ந்து, அதனோடு நம் மொழியில் பேசுவது நம் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ குழந்தையிடம் பெரியவர்கள் பேசும் பத்துத் தொடர்களை எழுதி, மீண்டும் மீண்டும் வரும் சொற்களைப் பட்டியலிடுக.

2. ஒரு பத்தியை இடைவெளியும் புள்ளியும் இன்றி எழுதி, நண்பரைப் படிக்கச் செய்க. எவற்றின் துணையால் அவர் சொற்களைப் பிரித்தார் என வகுப்பில் கலந்துரையாடுக.