கடல் கடந்து வரும் காசும் எமது வங்கிக் கணக்கும்

சென்ற மாரிக்கு முன்னர் சகோதரர் இருவரின் பிணக்கு ஒன்று எம்மிடம் வந்தது. மூத்தவர் பிரான்சிலே உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர். இளையவர் 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய நாள் முதலாகப் பிறர் காணியிலே குத்தகைக்குத் தோட்டஞ் செய்து வந்தவர். பதினொரு ஆண்டுகளாக அண்ணன் காசு அனுப்பினார். அதைக் கொண்டு தம்பி எட்டுப் பரப்புக் காணி வாங்கினார், கிணறு வெட்டினார், நீரிறைக்கும் இயந்திரமும் வாங்கினார். காணி யாருடையது என்ற கேள்வி எழுந்தபோது இருவர் கையிலும் ஒரு துண்டுக் கடுதாசிகூட இல்லை. வந்த காசு முழுவதும் உண்டியற் காசு. அண்ணன் சொன்ன தொகை ஒன்று, தம்பி சொன்ன தொகை இன்னொன்று. இருவருமே பொய் சொல்லவில்லை என்றுதான் நாம் இன்றும் நம்புகிறோம். மறதிக்கும் மனத்தாங்கலுக்கும் நடுவிலே கணக்கு அழிந்துபோயிற்று.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களிற் பலவற்றுக்கு வெளிநாட்டுக் காசும் ஒரு விளைச்சலே. வெங்காயத்தை விற்றால் எத்தனை அந்தர், என்ன விலை என்று எழுதி வைக்கிறோம். பிள்ளை வியர்வை சிந்தி அனுப்பும் காசுக்கு மட்டும் ஏன் கணக்கில்லை?

உண்டியலை நாம் குற்றஞ்சாட்ட வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். போர்க்காலத்திலே வங்கிக்குப் போகப் பாதையே இல்லாத நாட்களில் அதுதான் பல அடுப்புகளை எரிய வைத்தது. ஆனால் உண்டியலிலே அங்கு கொடுத்த டொலர் அங்கேயே நின்றுவிடும். இங்கு கைமாறுவது ரூபா மட்டுமே. சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. 2021 இன் பிற்பகுதியிலே மத்திய வங்கி டொலரை 200 ரூபா மட்டத்திலே பிடித்து வைத்திருந்தபோது உண்டியற்காரர் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தனர். சனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தனர். வெளிநாட்டில் உழைப்போர் வங்கி வழியாக அனுப்பிய காசு 2020 இல் ஏறக்குறைய 710 கோடி டொலர். 2022 இல் அது 380 கோடி அளவுக்கு இறங்கியது. நாட்டின் கடனும் ஆட்சியாளரின் தவறுகளும் இதைவிடப் பெரிய காரணங்கள்தாம். என்றாலும் அந்த ஆண்டு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்களுள் உண்டியலில் காசு வாங்கியவர்களும் இருந்தனர். 2022 மார்ச்சிலே ரூபாவைச் சந்தைப் போக்கிலே விட்ட பின்னர் அந்தப் பெரிய விலை வித்தியாசம் குறைந்துவிட்டது. 2024 இல் வங்கி வழியே வந்த தொகை 650 கோடி டொலரைத் தாண்டியது.

இனி வங்கியிலே எந்தக் கணக்கு என்று பார்ப்போம். இரு வழிகள் உண்டு. ஒன்று, வழமையான ரூபாச் சேமிப்புக் கணக்கு. வெளிநாட்டுக் காசு வந்ததும் அன்றைய வீதப்படி ரூபாவாக மாறி அதிலே விழும். மற்றது, வெளிநாட்டு நாணயமாகவே வைத்திருக்கும் கணக்கு. முன்னர் 'என்.ஆர்.எவ்.சி.' என்று எமது சனங்கள் சொல்லிப் பழகிய கணக்கும் அதுபோன்ற வேறு சிலவும் 2017 இன் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் பின்னர் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு என்ற ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. உள்ளூரில் வசிக்கும் நாமும் இதைத் திறக்கலாம். வெளியிலிருந்து வரும் நாணயத்தை மட்டுமே இதிலே வைப்பிலிடலாம். வெங்காயம் விற்ற ரூபாவை டொலராக்கிப் போட முடியாது.

எது நல்லது? மாதச் செலவுக்கு வரும் காசுக்கு ரூபாக் கணக்கே போதும். கிணறு வெட்ட, காணி வாங்கவென்று சேர்க்கும் காசில் ஒரு பகுதியையாவது வெளிநாட்டு நாணயமாக வைத்திருப்பது புத்தி. 2022 தொடக்கத்தில் 1,000 டொலரின் பெறுமதி இரண்டு இலட்சம் ரூபா. மே மாதத்திலே அது மூன்றரை இலட்சத்தையும் தாண்டியது. அதே வேளையில் யூரியா மூடை என்ன விலைக்குப் போனது என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். ஆனால் 2023 நடுப்பகுதியிலே டொலர் 300 ரூபாவின் அண்மைக்குத் திரும்பிவிட்டது. ஆகவே டொலர் ஏறிக்கொண்டேயிருக்கும் என்று சூதாடுவதும் சரியல்ல.

அடுத்தது பெயர். எமது அனுபவத்திலே காசு வந்து சேராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தகப்பனாரின் பெயரை முன்னே போட்டும் பின்னே போட்டும், முதலெழுத்தாய்ச் சுருக்கியும், ஆங்கிலத்திலே ஆளுக்கொரு விதமாகவும் எழுதுகிறோம். முகாமிலிருந்து புதிதாக எடுத்த அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பழைய வங்கிப் புத்தகத்தில் வேறோர் எழுத்து. முதலில் இரண்டையும் வங்கியிலே ஒன்றாக்குங்கள். பின்னர் வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கத்தைப் படமெடுத்துப் பிள்ளைக்கு அனுப்புங்கள். வாயாற் சொல்ல வேண்டாம். கணக்கு இலக்கம், கிளையின் பெயர், வங்கியின் சுவிப்ட் குறியீடு ஆகியனவும் வேண்டும். அந்தக் குறியீட்டின் ஐந்தாம், ஆறாம் எழுத்துக்கள் இலங்கையைக் குறிக்கும் எல், கே என்பனவாக இருக்கும். ஐரோப்பாவில் உள்ளவர்கள் 'ஐபான்' இலக்கம் கேட்டுத் தொல்லைப்படுத்துவார்கள். இலங்கை வங்கிகளிலே அது நடைமுறையில் இல்லை.

காசு வரும் வழியிலே மூன்று இடங்களிற் குறையலாம்: அனுப்பும் இடத்துக் கட்டணம், இடையிலுள்ள வங்கி கழிப்பது, இங்குள்ள வங்கியின் கழிவு. இவற்றுட் பல ஒவ்வொரு தடவைக்கும் என்று அறவிடப்படுவதால், இருநூறு இருநூறாக இருமுறை அனுப்புவதைவிட நானூறாக ஒருமுறை அனுப்புவது மிச்சம். வீதத்தையும் கேளுங்கள். கையில் கொண்டுவரும் நோட்டுக்கு ஒரு வீதம், கணக்குக்கு வரும் காசுக்கு இன்னொரு வீதம். இரண்டு வங்கிகளிலே கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். உரம் வாங்கும்போது மூன்று கடை ஏறுகிறோமே!

குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகும் எமது சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. விமானம் ஏறுமுன் உங்கள் சொந்தப் பெயரிலே கணக்கைத் திறவுங்கள். குடும்பச் செலவுக்கு ஒரு பங்கைக் கணவருக்கோ தாய்க்கோ அனுப்புங்கள். மிகுதி உங்கள் கணக்கிலே இருக்கட்டும். ஒன்றும் எழுதாத படிவத்திலே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டுப் போகவேண்டாம். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பியபோது கணக்கிலே சில நூறு ரூபா மட்டுமே கிடந்ததைக் கண்டு, கோயில் விறாந்தையில் வந்திருந்து அழுத தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம்.

'வங்கிக்குக் காசு வந்தால் விசாரணை வரும்' என்ற பயம் எம்மவரிடம் இன்னும் உண்டு. அதற்குக் காரணமில்லாமலும் இல்லை. 2006 இன் 6 ஆம் இலக்கச் சட்டப்படி பத்து இலட்சம் ரூபா அளவிலான பெரிய கொடுக்கல் வாங்கல்களை வங்கிகள் அறிக்கையிட வேண்டும். அது எல்லோருக்கும் பொதுவான நடைமுறை. யார் அனுப்பியது, எதற்காக என்று கேட்டால் உள்ளதைச் சொல்லி, பிள்ளை அனுப்பிய பற்றுச்சீட்டைக் காட்டினால் போதும். எமது அனுபவத்தில், இப்படிப் பதிவுள்ள கணக்குடையவருக்கே விவசாயக் கடன் கேட்கும்போதும் முகாமையாளரிடம் மதிப்புண்டு.

இன்னுமொன்று. 1990 இலும் 1995 இலும் 2009 இலும் ஓடியபோது வங்கிப் புத்தகத்தை விட்டு வந்தவர்கள் பலர். பத்து ஆண்டு அசையாமற் கிடக்கும் கணக்கை வங்கி மத்திய வங்கிக்கு அறிவித்துக் கையளிக்கும். ஆனால் உரிமை அழிவதில்லை. உரியவரோ, அவர் இறந்திருந்தால் உரித்தாளரோ வங்கி ஊடாகக் கேட்கலாம். தொகை சிறிதாயிருக்கலாம், கேட்டுத்தான் பாருங்கள்.

அந்தச் சகோதரர் இருவரும் காணியை ஆளுக்கு நாலு பரப்பாகப் பிரித்துக்கொள்ள இணங்கினர். தம்பி புதுக் கணக்கொன்றைத் திறந்தார். அண்ணனின் முதற் காசு பதினைந்து நாளாகியும் வந்து சேரவில்லை. அனுப்பிய துண்டை வாங்கிப் பார்த்தோம். தம்பியின் பெயரிலே ஓர் எழுத்துக் குறைந்திருந்தது.