முதல் விநாடியின் துகளும் பொட்டிப்புரத்து மலையும்

உத்தமபாளையம் என்றதும் பாறையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வட்டெழுத்துகளும் நம் நினைவுக்கு வரும். அவ்வட்டத்தைச் சேர்ந்த பொட்டிப்புரம், நியூட்ரினோ என்னும் நுண்துகளால் நாடெங்கும் பேசப்பட்டது. அத்துகளின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இயற்கையில் நான்கு அடிப்படை விசைகள் உள்ளன. பொருள்களை ஒன்றையொன்று இழுப்பது ஈர்ப்பு விசை. எலக்ட்ரானை அணுவினுள் பிணைப்பது மின்காந்த விசை. குவார்க்குகளைக் கட்டிவைப்பது வலிய விசை. சிலவகைக் கதிரியக்கத்திற்குக் காரணமானது மெல்விசை.

ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன், பேரண்டம் அளவற்ற வெப்பமும் நெருக்கமும் உடையதாய் இருந்தது. அப்போது மின்காந்த விசையும் மெல்விசையும் ஒன்றாகவே விளங்கின. ஒரு விநாடியை இலட்சம் கோடிக் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறளவு காலத்தில் அவை பிரிந்தன. விநாடியின் இலட்சத்தில் ஒரு பங்கு கழிவதற்குள் குவார்க்குகள் கூடிப் புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஆயின. ஏறக்குறைய ஒரு விநாடியில் நியூட்ரினோக்கள் விடுதலை பெற்றன.

விடுதலை என்பது யாது? தேர்த் திருவிழா நெரிசலில் நடப்பவர் அடிக்கொருவர்மேல் மோதுவார். கூட்டம் கலைந்தபின் தடையின்றி நடப்பார். பேரண்டம் விரிந்து குளிர்ந்தபோது நியூட்ரினோக்களுக்கு நேர்ந்ததும் இதுவே. மின்காந்த விசையும் வலிய விசையும் அவற்றைத் தீண்டா. ஆதலின் அத்தொல்துகள்கள் இன்றும் கன சென்டிமீட்டருக்கு முந்நூறுக்கு மேல் எங்கும் நிறைந்துள்ளன. நம் உடலையும் ஊடுருவுகின்றன. ஆற்றல் மிகக் குறைந்த அவற்றை இதுவரை எவரும் நேரில் பிடித்ததில்லை.

பொட்டிப்புரத்தில் ஆய திட்டமிட்டது வேறுவகை நியூட்ரினோக்களை. விண்கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதுகையில் இவை பிறக்கின்றன. இவற்றை 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் நம் நாட்டு அறிஞர்களும் கண்டறிந்தனர். பிற துகள்களை மலைப்பாறை தடுத்துவிடும். நியூட்ரினோவோ உள்ளே வந்துவிடும். எனவே மலையைக் குடைந்து, 50,000 டன் காந்த இரும்புக் கருவியை நிறுவ எண்ணினர். நடுவண் அரசு 2015இல் ஒப்புதல் அளித்தது. மக்களின் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் புலி வழித்தடத்தைச் சுட்டி, திட்டம் வேண்டா எனத் தமிழக அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இங்கு இரண்டு செய்திகளைப் பிரித்துணர்தல் வேண்டும். நியூட்ரினோ உயிர்களைக் கொல்லும் என்னும் அச்சம் அடிப்படையற்றது. ஆனால் பாறையை வெடிவைத்துத் தகர்ப்பதால் மலைவாழ் உயிர்களுக்கும் நீர்வளத்திற்கும் என்ன நேரும் என்னும் வினா அத்தகையதன்று. அது விடை பெறவேண்டிய வினா. பொய்யச்சத்தைக் காட்டி அறிவை மறுத்தலும் தவறு. அறிவின் பெயரால் உயிர்களை மறத்தலும் தவறு. நற்காட்சி, நல்லறிவு, நல்லொழுக்கம் மூன்றும் ஒருங்கே வேண்டும் என்பது நம் நெறியன்றோ?

இல்லத்துச் சிறுவர்களிடம் பெற்றோர் இவ்வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம்: நான்கு விசைகள் யாவை? நியூட்ரினோவைக் காண மலை ஏன் வேண்டும்? அம்மலையில் வாழும் உயிர்கள் யாவை?