துடுப்பு நோயும் தொட்டி நீரும்

கண்ணாடித் தொட்டியினுள்ளே பொன்னிற மீனொன்று தன் மெல்லிய வாலை விரித்தும் சுருக்கியும் நீந்தும் காட்சியைக் கண்டு மகிழாதார் யாவர்? தங்கமீன் எனப்படும் இம்மீன் நம் ஊர்க் கெண்டைகளுக்கு உறவினது. சீன நாட்டார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனைக் குளங்களில் பேணி வளர்த்துப் பல நிறங்களும் பல வடிவங்களும் தோன்றச் செய்தனர். இந்நாளில் அது நம் இல்லங்களிலும் இடம் பெற்றுவிட்டது. சென்னையில் கொளத்தூர்ப் பகுதிக்குச் செல்வோர் தெருத்தெருவாக வண்ணமீன் கடைகள் அமைந்திருத்தலைக் காணலாம். சிறுவர்கள் அங்கே மீனைத் தெரிந்தெடுக்கும் ஆர்வம் பெரிது. ஆயின், வாங்கிய மீன் நோயுற்றால் செய்யத்தக்கது யாது என்பதை அறிந்து வருவோர் மிகச் சிலரே.

ஆடும் மாடும் நோயுற்றால் குரல் கொடுக்கும், நாய் முனகும். மீனோ வாய் திறந்து ஒன்றும் சொல்லாது. அதன் துயரத்தை நமக்கு உணர்த்துவது அதன் துடுப்பே. நலமுள்ள மீனின் துடுப்புகள் விசிறிபோல் விரிந்திருக்கும். நோயுற்ற மீன் அவற்றை உடலோடு ஒட்ட மடக்கிக்கொண்டு, தொட்டியின் மூலையிலோ அடியிலோ ஒதுங்கி நிற்கும். துடுப்பினைக் கூர்ந்து நோக்கின், மெல்லிய கதிர்கள் வரிசையாக நின்று, அவற்றிடையே நுண்ணிய தோல் போர்த்தியிருத்தலைக் காணலாம். குடைக்குக் கம்பிகளும் துணியும் எவ்வாறோ, துடுப்புக்குக் கதிர்களும் தோலும் அவ்வாறே. இத்தோல் மிக மெல்லியது ஆதலின், நீர் கெட்டவிடத்து முதலில் கெடும் உறுப்புகளுள் இதுவும் ஒன்றாகின்றது. ஊர்மக்கள் இவ்வுறுப்பைச் செட்டை என்றும் வழங்குவர். பறவையின் சிறகுக்கும் அதுவே பெயர். நீரில் நீந்துவதையும் வானில் பறப்பதையும் ஒரு சொல்லால் இணைத்த பேச்சு வழக்கை எண்ணி நான் பலகால் வியந்ததுண்டு.

இவ்வளவு அறிந்த நான் ஒரு பிழை செய்தேன். அதனை மறையாது கூறுகின்றேன்.

2022-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் என் பெயரன் ஒரு தொட்டியும் நான்கு தங்கமீன்களும் வாங்கி வந்தான். தொட்டி 60 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், அதே உயரமும் உடையது. வடிகட்டும் கருவி ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. அன்பின் மிகுதியால் நாள்தோறும் ஐந்து முறை உணவு இட்டான். ஐந்து வாரங்கள் கழிந்தன. ஒருநாள் காலையில், "தாத்தா, பெரிய மீனின் வால் கிழிந்திருக்கிறது" என்று ஓடிவந்தான். சென்று பார்த்தேன். வாலின் ஓரம் நைந்த துணிபோல் பிரிந்து, பால் போன்ற வெண்மை படர்ந்து, உட்புறத்தே சிவந்த கீற்றுகள் ஓடியிருந்தன. "தூய்மை இன்மையே இதற்குக் காரணம், தம்பி. எல்லாவற்றையும் கழுவிவிடு" என்று கட்டளையிட்டேன். அவனும் என் சொல்லைத் தட்டாது நீர் முழுவதையும் இறைத்தான்; கூழாங்கற்களை வெயிலில் காயவைத்தான்; வடிகட்டியின் ஸ்பாஞ்சைச் சோப்புத்தூள் இட்டுத் தேய்த்தான்; குழாய்நீரைப் பிடித்து நிரப்பி மீன்களை விட்டான். தொட்டி பளிங்குபோல் விளங்கியது. மறுநாள் விடியலில் இரண்டு மீன்கள் இறந்து மிதந்தன.

சிறுவன் அழுதான். என்னைக் குறைகூறினானல்லன்; அதுவே எனக்குப் பெருந்துன்பமாயிற்று. எம் தெருவிலே, மீன்வளத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வாழ்கின்றார். அவரை அழைத்து வந்தோம். அவர் தொட்டியைக் கண்டதும், "ஐயா, தெளிவு வேறு, தூய்மை வேறு. இந்நீர் தெளிந்திருக்கிறது, தூயதன்று" என்றார். சிறு குழாயில் நீரை எடுத்துச் சில துளி மருந்து விட்டார். மஞ்சளாய் இருத்தல் வேண்டிய நீர் பச்சையாக மாறியது. நீரில் அம்மோனியா மிகுந்துள்ளது என்பதற்கு அதுவே சான்று.

அவர் விளக்கியவற்றை உங்களுக்கும் கூறுவேன். மீன் தன் உடற்கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுளின் வழியே நீரில் விடுகின்றது. உண்ணாது எஞ்சிய உணவும் அழுகி அம்மோனியாவாகின்றது. இது மீனுக்கு நஞ்சு. நீர் காரத்தன்மையும் வெம்மையும் மிகுந்திருப்பின் இந்நஞ்சின் கொடுமையும் மிகும். ஆறும் ஏரியும் பரந்தவை. அங்கே அது கரைந்து மறையும். தொட்டியிலோ அது செல்ல இடமில்லை. ஆயினும் இயற்கை ஒரு வழி வகுத்துள்ளது. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறுவகையின அந்நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டோ அத்துணைக் கொடியதன்று. இந்நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கூழாங்கல்லிலும் வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் குடியேறி வாழ்கின்றன. புதிய தொட்டியில் அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஐந்து வாரங்களாக மெல்ல மெல்லக் குடியேறிய அவ்வுயிர்களை நாங்கள் ஒரு பகற்பொழுதில் சோப்பிட்டுக் கொன்றுவிட்டோம். அதனோடு, குழாய்நீரில் நோய்க்கிருமிகளைக் கொல்லுதற்காகக் கலக்கப்படும் குளோரின், மீன்களின் செவுளைச் சுட்டுவிட்டது. ஏற்கெனவே நொந்திருந்த மீன்கள் அவ்விரண்டையும் தாங்கவில்லை.

வாலில் கண்ட நோய்க்குத் துடுப்பழுகல் என்பது பெயர். இதனை விளைவிக்கும் பாக்டீரியாக்கள் எங்கிருந்தோ வந்த பகைவர் அல்லர். எப்பொழுதும் தொட்டி நீரில் இருப்பவையே. மீன் வலிமையுடன் இருக்கும்வரை அவற்றால் தீங்கில்லை. நீர் கெட்டு, மீன் நலிந்தபொழுது அவை துடுப்பைப் பற்றி அரிக்கத் தொடங்கும். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நீங்கள் பயின்றிருப்பீர்கள். நோயை மட்டும் நோக்காது அதன் காரணத்தையும் நோக்கவேண்டும் என அங்கே கூறப்படும் முறை மீனுக்கும் பொருந்துவதே. நீரைத் திருத்தாமல் மருந்தை மட்டும் ஊற்றுவோர், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவோரை ஒப்பர்.

வால் கிழிந்த மீன் யாவும் துடுப்பழுகல் உற்றதன்று என்பதையும் மறத்தல் கூடாது. சில மீன்கள் பிறவற்றின் துடுப்பைக் கடிக்கும் இயல்பின. கோடிட்ட புலிக்கெண்டையை நீண்ட வாலுடைய மீன்களோடு சேர்த்து வைத்தால், சில நாள்களில் வால்கள் குறைந்திருத்தலைக் காணலாம். சண்டைமீன்களின் ஆண்கள் இரண்டினை ஒருங்கே விட்டால் சொல்லவே வேண்டுவதில்லை. கடித்த காயம் வெட்டியதுபோல் ஓரம் தெளிவாக இருக்கும். வெண்மையும் சிவப்பும் படர்ந்திரா. அத்தகைய மீனுக்கு வேண்டுவது மருந்தன்று. கடிக்கும் மீனிடமிருந்து பிரித்தலே. கூரிய கல்லோ நெகிழிச் செடியோ கிழித்திருப்பின் அதனை அகற்றவேண்டும். எனினும், இக்காயங்களின் வழியேயும் துடுப்பழுகல் புகக்கூடும் ஆதலின், நீரைச் செம்மையாக வைத்தல் இங்கும் இன்றியமையாதது.

நண்பர் செய்த மருத்துவம் மிக எளியது. நோயுற்ற மீனை இருபது லிட்டர் நீர் கொண்ட தனித்தொட்டியில் விட்டார். குளோரினை நீக்கும் மருந்து அந்நீரில் முன்னரே கலக்கப்பட்டது. குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் அகன்றுவிடும். ஆனால் சில ஊர்களில் குளோரினோடு அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலக்கப்படுகின்றது. அது திறந்து வைப்பதனால் எளிதில் நீங்காது. பின்னர் அவர் லிட்டருக்கு இரண்டு கிராம் வீதம் நாற்பது கிராம் கல்லுப்பை நிறுத்தெடுத்தார். அதனை ஒருங்கே கொட்டாமல், நீரில் கரைத்து, காலை, நண்பகல், மாலை என மூன்று பகுதியாக ஊற்றினார். அத்தொட்டியில் வடிகட்டி இல்லை. காற்றுக்குழாய் மட்டுமே இருந்தது. ஆதலின் அம்மோனியா தேங்காதவாறு நாள்தோறும் ஐந்து லிட்டர் நீரை நீக்கிப் புதுநீர் விடச் செய்தார்.

அவ்விடத்தே என் பெயரனுக்கு ஒரு கணக்கும் கற்பித்தார். "தம்பி, ஐந்து லிட்டர் மாற்றினால் எவ்வளவு உப்பு இடுவாய்?" என்று வினவினார். "நாற்பது கிராம்" என்றான் அவன். "அவ்வாறாயின் நான்கு நாளில் உன் மீன் கருவாடாகிவிடும்" என்று அவர் நகைத்தார். நீக்கிய நீரோடு சென்ற உப்பு பத்துக் கிராமே, இடவேண்டுவதும் அதுவே. ஆவியாகிக் குறைந்த நீருக்கு உப்பே இடலாகாது. நீர் ஆவியாகுமேயன்றி உப்பு ஆவியாவதில்லை. கெளிறு போன்ற செதிளற்ற மீன்களும் நீர்ச்செடிகளும் உப்பைப் பெரிதும் பொறா என்பதையும் அவர் எச்சரித்தார்.

நலமாயிருந்த மற்றொரு மீன் பழைய தொட்டியிலேயே இருந்தது. நண்பர் தம் வீட்டில் நெடுநாள் ஓடிய வடிகட்டியின் ஸ்பாஞ்சு ஒன்றனைக் கொணர்ந்து எங்கள் வடிகட்டியில் பொருத்தினார். தயிருக்கு உறை இடுவது போன்றது அது. இனி ஸ்பாஞ்சைக் கழுவ நேரின், தொட்டியிலிருந்து இறைத்த நீரிலேயே மெல்லப் பிழியவேண்டும் என்றார். உணவு நாளைக்கு ஒருமுறை, சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே. "இரண்டு மீன்களே இத்தொட்டிக்கு மிகுதி, ஐயா" என்று அவர் கூறியபொழுது, நானும் பெயரனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கடையில் நீலமருந்து ஒன்று கிடைக்கும். மெத்திலீன் நீலம் என்பது அது. அதனைத் தனித்தொட்டியில் அளவோடு பயன்படுத்தலாம். பெருந்தொட்டியில் ஊற்றின் நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் அது கெடுக்கும். அழுகல் துடுப்பின் அடிவரை சென்று உடலை அணுகுமாயின், உப்போடு நில்லாது கால்நடை மருத்துவரை நாடுதல் வேண்டும். எதிருயிரி மருந்துகளை நாமே வாங்கி இடுவது தீது. அளவறியாது இட்டால் கிருமிகள் அம்மருந்துக்கு அஞ்சாதனவாகிவிடும்.

வெண்புள்ளி நோய் என வேறொன்று உண்டு. உடலிலும் துடுப்பிலும் உப்புத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். மீன் தன் உடலைக் கல்லில் உராயும். இது பாக்டீரியாவால் வருவதன்று, ஒட்டுண்ணியால் வருவது. அவ்வொட்டுண்ணி மீனின் தோலுக்குள் புதைந்து உண்டு வளரும். அங்கே இருக்கும்வரை எம்மருந்தும் அதனைத் தீண்டாது. வளர்ந்தபின் தோலைப் பிளந்து வெளிப்பட்டு, தொட்டியின் அடியில் உறை அமைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அக்குஞ்சுகள் நீந்தி, ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றவேண்டும்; இல்லையேல் அழியும். அவ்வாறு நீந்தித் திரியும் குறுகிய காலத்திலேதான் மருந்து அவற்றைக் கொல்லும். புள்ளிகள் மறைந்ததைக் கண்டு, "நோய் தீர்ந்தது" எனச் சிறுவர் மருந்தை நிறுத்திவிடுவர். உண்மையில் பகைவர் ஓடவில்லை. படை பெருக்கச் சென்றுள்ளனர். ஆதலின் இறுதிப் புள்ளி மறைந்த பின்னரும் பல நாள் மருந்தைத் தொடரவேண்டும். நீர் வெதுவெதுப்பாயின் இச்சுழற்சி விரைவில் முடியும். குளிராயின் வாரக்கணக்கில் நீளும். ஆனால் வாயருகே பஞ்சுபோல் படரும் ஒருவகைப் பாக்டீரியா நோய்க்கோ வெம்மை தீங்கு செய்வது. நோயைப் பிரித்தறியாமல் நீரைச் சூடாக்குவோர் மீனைக் கொல்வதும் உண்டு.

புதிதாக வாங்கிய மீனை மூன்று நான்கு வாரங்கள் தனியே வைத்துப் பார்த்தபின் சேர்ப்பது இத்துன்பங்கள் பலவற்றைத் தவிர்க்கும். நோயுற்ற மீனை இரக்கத்தால் ஏரியிலும் ஆற்றிலும் விடுதல் தகாது. அவ்வாறு விடப்பட்ட அயல்நாட்டுக் கெளிறுகள் சென்னையைச் சூழ்ந்த ஏரிகளில் பெருகி, நாட்டு மீன்களுக்கு இடையூறாகியுள்ளன.

பத்து நாளில் எங்கள் மீனின் வாலில் இருந்த வெண்மையும் சிவப்பும் நீங்கின. ஆனால் வால் பாதியே எஞ்சியிருந்தது. அது மீண்டும் வளருமோ என்ற ஐயம் எங்களை வருத்தியது. மீனின் துடுப்பு வெட்டுண்டால் வளரும் என்பதைப் புரூசோனே என்னும் பிரெஞ்சு அறிஞர் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டார். கதிர்களின் அடிப்பகுதி அழியாதிருப்பின், காயத்தின் முனையில் புதிய உயிரணுக்கள் திரண்டு, கதிரையும் தோலையும் முன்போல் அமைக்கும். அடியோடு அழுகியிருப்பின் அது அரிது.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள், "தாத்தா, மறுபடியும் வெள்ளை வந்துவிட்டது!" என்று பெயரன் அலறினான். உப்பை எடுக்கவும் ஓடினான். இம்முறை நான் கட்டளை ஒன்றும் இடவில்லை, நண்பரையே அழைத்தேன். அவர் குனிந்து நோக்கி, அவனையும் அருகே நிறுத்தி, "அழுகிய ஓரம் கலங்கலாயிருக்கும். இதனூடே பார், அடியில் கிடக்கும் கல் தெரிகிறதா?" என்றார். தெரிந்தது. கண்ணாடி போன்ற அவ்விளிம்பு நோயன்று; புதிதாக முளைத்த துடுப்பு. இரண்டு திங்கள் கழிந்தபின் அதில் செம்பொன் நிறம் சிறிது சிறிதாக ஏறியது. ஒரு மூலையில் மட்டும் ஒரு கதிர் வளைந்தே வளர்ந்தது. அவ்வளைவு இன்றும் உளது.