குட்டி ஆமையின் ஓடு மேடு தட்டாமல் வளர

உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிக்கரையிலும் முட்புதரிலும் பிள்ளைகள் கண்டெடுத்து வரும் ஆமைக்கு இந்தக் கட்டுரை உதவாது. முதுகில் மஞ்சள் கோடுகள் கதிர்போல் பிரியும் நட்சத்திர ஆமை, ஏரிச் சேற்றில் கிடக்கும் பாலாமை இரண்டுமே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வீட்டில் வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வாஸ்துவுக்கு நல்லது என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்க வேண்டாம். வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

வளர்க்க வாய்ப்புள்ளது ஆப்பிரிக்காவின் சுல்கேட்டா போன்ற வெளிநாட்டு ஆமைதான். அதற்கும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். விற்பவரிடம் முதலில் அந்தப் பதிவைக் கேளுங்கள், விலையை அப்புறம் பேசலாம். இன்னொன்றையும் யோசியுங்கள். உள்ளங்கையில் அடங்கும் இந்தக் குட்டி வளர்ந்தால் ஒரு சிமென்ட் மூட்டை எடைக்கு வரும், உங்களுக்குப் பிறகும் உயிரோடு இருக்கலாம்.

இனி ஓட்டுக்கு வருவோம். ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கூம்பாக எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நட்சத்திர ஆமைக்குக் காட்டிலேயே ஓரளவு மேடு உண்டு. சுல்கேட்டாவுக்கு அது வளர்ப்பில் வந்த கோளாறு. புரதம் கூடிப்போனதே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2003இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் சுல்கேட்டாக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வெவ்வேறு தீனி கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். வறண்ட காற்றில் வளர்ந்தவற்றுக்கே பெரிய மேடு எழுந்தது; புரதத்தின் பங்கு சொற்பம். பாலைவனத்து ஆமைக்கு ஈரம் எதற்கு என்று கேட்கலாம். அங்கே குஞ்சுகள் வெயிலில் திரிவதைவிட ஈரமுள்ள வளைக்குள் பதுங்கியிருக்கும் நேரமே அதிகம்.

ஆகவே முதல் வேலை வளை அமைப்பது. மேலே திறந்த கண்ணாடித் தொட்டி வேண்டாம். ஈரம் நிற்காது, வெயில் பட்டால் அடுப்பாகிவிடும். மூடியுள்ள அகலமான பிளாஸ்டிக் டப் எடுத்து, மூடியில் சில துளைகள் மட்டும் போடுங்கள். அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தென்னை நார்க்கழிவு. நாற்றுப்பண்ணைகளில் கட்டியாகக் கிடைக்கும் அதை இரண்டு மூன்று முறை அலசி உப்பை நீக்க வேண்டும். பிடித்துப் பிழிந்தால் ஈரம் தெரியவேண்டும், சொட்டக் கூடாது. தண்ணீரை மூலைகளில் ஊற்றினால் அடிப்பகுதி நனைந்து மேற்பரப்பு ஓரளவு உலர்ந்திருக்கும். வயிற்றுப்பக்க ஓடு அழுகாமல் இருக்க இதுதான் வழி. ஒரு பக்கம் பாதி உடைத்த மண்சட்டியைக் கவிழ்த்து, உள்ளே நார்க்கழிவை இன்னும் சற்று ஈரமாக வையுங்கள். குட்டி தானாகவே அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி உள்ளே வைத்து, 80 சதவீதத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர்க் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். சிக்கல் கத்திரி வெயிலில்தான். தகரக் கூரையும் சுழலும் மின்விசிறியும் சேர்ந்து மதியத்துக்குள் டப்பைக் காயவைத்துவிடும். அந்த மாதங்களில் ஓட்டு வீட்டின் நடுக்கூடமோ நிழல் தாழ்வாரமோ நல்ல இடம். மார்கழி இரவில் எதிர்ச் சிக்கல்: ஈரமும் குளிரும் சேர்ந்தால் சளி நெஞ்சில் இறங்கும். இரவிலும் 26 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. கோழிக்குஞ்சுக்குக் கட்டும் குண்டு பல்பு இதற்கு ஆகாது. நேர்மேலே எரிந்து ஓட்டைக் காயவைக்கும், தூக்கத்தையும் கெடுக்கும். வெளிச்சமில்லாத பீங்கான் ஹீட்டரும் வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட்டும் போடுங்கள்.

தினமும் காலையில் குட்டியை வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் விடுங்கள். தண்ணீர் தாடைக்குக் கீழேயே நிற்கட்டும். அதிலேயே குடிக்கும், கழிக்கும். பிறகு எட்டு, எட்டரை மணி வெயில். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் இருக்காது. வெளியே, பாதி நிழல் விழும் இடத்தில், மேலே கம்பிவலை மூடி வையுங்கள். காக்கையும் கீரியும் ஒரு நொடிக்குத்தான் காத்திருக்கும்.

தீனிக்கு அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. வரப்புப் புல்லை அறுக்குமுன் களைக்கொல்லி அடித்ததா என்று நிலத்துக்காரரைக் கேட்டுவிடுங்கள். சோறு, ரொட்டி, நாய் பிஸ்கட் கூடவே கூடாது. பசலையைத் தினமும் போட்டால் சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது. அந்தச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' கேளுங்கள். கணவாய் மீனின் ஓடு அது. துண்டாக உள்ளே போட்டால் வேண்டும்போது கொறிக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவிக் கொடுப்பது வாயைப் புண்ணாக்கும்.

பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் பூசுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஓடு கழற்றி மாட்டும் கவசம் அல்ல. நகம் போன்ற மேல்தோலுக்கு அடியில் முதுகெலும்பும் விலாவும் இணைந்த உயிருள்ள எலும்பு, தொட்டால் ஆமைக்குத் தெரியும். எண்ணெயில் அழுக்கு ஒட்டும், அவ்வளவுதான். மென்மையான பல்துலக்கியும் வெதுவெதுப்பான நீரும் போதும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி ஒட்டியிருக்கலாம்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை. மாதம் ஒருமுறை பக்கவாட்டில் ஒரு படம். கட்டங்களுக்கு இடையே வெளிறித் தெரியும் கோடுதான் புது வளர்ச்சி. அது சமமாக விரிகிறதா, செங்குத்தாக எழும்புகிறதா என்பதைப் படங்களை அடுக்கி வைத்தால் கண்டுகொள்ளலாம். ஏற்கெனவே எழும்பிய மேடு அமுங்காது. ஈரத்தைச் சரிசெய்தால் இனி வளரும் பகுதி சமமாக வரும்.

பிறந்த சில மாதங்களுக்கு ஓடு லேசாக நெகிழ்வது இயல்பு. இறுகிய ஓடு மறுபடி மெத்தென்று ஆனாலோ, குழி விழுந்து நாற்றம் வந்தாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள், துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஈரத்துண்டு விரித்து, கைபேசியில் அந்த மாதாந்திரப் படங்களோடு.